கால்துணை

மொஞ்சியாவின் கெண்டைச்சதைக்கு நேரங்காலம் கிடையாது. கல்யாண வீட்டில் குஸ்குஸ் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டிருக்கும்போது முறுக்கிக் கல்லாகிப் பிரட்டும். மய்யித்து வீட்டில் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது பிரட்டும். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தாய் தேநீர்க் கோப்பையை நீட்டிய நேரம் பார்த்து இரண்டு காலும் ஒன்றாகப் பிரட்டிக்கொண்டன. அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் மிரண்டுபோய் வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டாள். பிற்பாடு அந்தப் பெண்ணின் வாய் எப்பேர்ப்பட்டது என்று தெரிந்ததும், “எம் மவனக் காப்பாத்தினது எங்காலு” என்று மொஞ்சியா சொல்லித் திரிந்தாள். அவள் அப்படித்தான். தன் வலியைத் தானே முதலில் கேலி செய்துவிட்டால் அடுத்தவர் கேலி செய்ய மிச்சம் இருக்காது என்பது அவள் கணக்கு.

ஸித்ரா ஊரில் மட்டி எடுக்கப் போகும் பெண்கள் எல்லோருக்கும் உள்ள நோவுதான் அது. காபிஸ் வளைகுடாவில் கடல் வற்றினால் கரையை மறந்துவிட்டுப் போகும். ஊருக்கு முன்னால் சேறும் கடற்புல்லுமாக வயல்போலக் கிடக்கும். குளிர்காலம் முழுக்க அந்த வயல் பெண்களுடையது. மகனின் பழைய கால்சட்டை, அதன்மேல் கம்பளிக் காலுறை, அதன்மேல் பாவாடை, எல்லாவற்றுக்கும் மேல் இடுப்பில் இறுக்கிச் சுற்றிய முரட்டுப் போர்வை. கையில் அரிவாள். இடுப்பில் கயிறு கட்டிய கூடை நாய்க்குட்டிபோலப் பின்னால் இழுபட்டு வரும். சேற்றில் ஊசி குத்தின மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை தெரிந்தால் அடியில் மட்டி இருக்கிறது. குனிந்த முதுகு நிமிராமல், முழங்கால் அளவு குளிர்ந்த நீரில், வற்றம் முடிந்து கடலேற்றம் திரும்பும்வரை அந்த ஓட்டைகளைத் தேடி நடக்க வேண்டும்.

ஒரு தடவை ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் மொஞ்சியா காலைக் காட்டினாள். சின்னப் பெண். தலைநகரத்திலிருந்து வந்தவள்.

“தண்ணி நெறையக் குடிங்கம்மா.”

“குடிச்சிட்டு? நடுக்கடல்ல எங்க போயி எறக்கி வைக்கிறது? நாலு சுத்துத் துணி. அவுத்துக் கட்டறதுக்குள்ள ஏத்தம் வந்துரும். அந்தப் பக்கம் ஆம்பளைங்க வலை கட்டிட்டு நிப்பாங்க.”

“அப்ப குளிர்ந்த தண்ணியில ரொம்ப நேரம் நிக்காதீங்க.”

“சரி தாயி. மட்டியெல்லாம் வீட்டுக்கு வரச் சொல்றேன்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டு மாத்திரை கொடுத்தாள். மாத்திரையும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும் என்பதால் கடலுக்குப் போகாத நாள்களில் மட்டும் அதைச் சாப்பிட்டாள் மொஞ்சியா. ஸித்ராப் பெண்கள் மட்டிக்குப் போகிற அன்று விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார்கள். வறுத்த பார்லி மாவில் ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைந்து இரண்டு உருண்டை. அவ்வளவுதான். அதற்குப் பதிலாக மற்ற எல்லா வைத்தியமும் உண்டு: கெண்டையில் மருதாணி அப்புவது, முழங்காலுக்குக் கீழே சிவப்புக் கம்பளி நூல் கட்டுவது, உப்பையும் சீரகத்தையும் நாக்கில் வைத்துக்கொள்வது, சதை கல்லானதும் குத்துவதற்குத் தலைத்துணியில் ஓர் ஊக்கு.

எல்லாவற்றிலும் பெரிய வைத்தியம் கால்துணை.

ஸித்ராவில் எவளும் தனியாகக் கடலில் இறங்கமாட்டாள். இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பேரீச்சங்கம்பை நட்டு, நுனியில் துணி கட்டியிருக்கும். கம்பிலிருந்து குரல் எட்டாத தூரத்துக்கு இருவரில் யாரும் போகக் கூடாது. “கம்பப் பிடுங்கறேன்” என்று சொல்லி, மற்றவள் “பிடுங்கு” என்ற பிறகுதான் இடம் மாற்றலாம். எவளுக்காவது கால் பிரட்டினால் “கால்!” என்று ஒரு சத்தம். மற்றவள் கையில் இருப்பது தங்கமானாலும் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். வந்து, முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தின் நுனியைப் பிரட்டினவளின் முகத்தைப் பார்க்க மடக்கி, கல் இளகும்வரை அழுத்த வேண்டும். புருஷனோடு சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருக்கலாம். கால்துணையோடு அப்படி இருக்க முடியாது.

மொஞ்சியாவின் கால்துணை ஷெத்லியா. புருஷன் பல்காசிமின் தங்கை. கல்யாணத்தை அறுத்துக்கொண்டு வந்தவளுக்குப் பல்காசிம்தான் தன் முற்றத்திலேயே ஓர் அறை கட்டிக் கொடுத்தான். மூன்று பிள்ளைகள். மூன்றும் அம்மா வீட்டில் தூங்கும்; மாமி வீட்டில் தின்னும். மொஞ்சியாவின் மகன் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனபிறகு அவள் பானை சின்னதாகவே இல்லை.

“உம் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்கிட்ட வருது, தூக்கத்துக்கு உன்கிட்ட வருது. நல்ல பங்குடி,” என்பாள் மொஞ்சியா.

“தூங்கும்போது உதைக்குதுங்க மதினி. அதுக்கு நீங்க பங்கு கேக்கலையே,” என்பாள் ஷெத்லியா.

அன்று மேல்காற்று. வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. பெண்களைக் கரைக்கு ஏற்றி வரும் டிரக்கிலிருந்து இறங்கும்போதே ஷெத்லியாவின் முகத்தில் ஒரு பரபரப்பு. பெண்கள் சிதறி நடக்கத் தொடங்கியதும் மொஞ்சியாவின் காதருகே வந்தாள்.

“மதினி, பழைய ஓடைக்கு அந்தப் பக்கம் போலாம். போன வத்தத்துல பாத்து வச்சேன். சேறு முழுக்க ஓட்டை. சல்லடை மாதிரி.”

“ஓடைக்கு அந்தப் பக்கமா? ஏத்தம் திரும்பினா ஓடைதானடி மொதல்ல ரொம்பும்? நமக்குப் பின்னால தண்ணி, முன்னால தண்ணி. நடுவுல நான் குண்டுப் பொம்பள. என்னையத் தூக்கவா போற?”

“சீக்கிரம் வந்துரலாம் மதினி. வல்லாஹி, சத்தியம்.”

போனார்கள். ஓட்டைகள் உண்மையாகவே இருந்தன. கம்பை நட்டுவிட்டு இருவரும் வாய் திறக்காமல் தோண்டினார்கள். மட்டி கொழுத்த மட்டி. ஓடு வெளுத்து, கைக்கு அடக்கமாக. மொஞ்சியாவின் கூடை கனக்கத் தொடங்கியபோது அவள் பாடக்கூடத் தொடங்கினாள். பல்காசிமின் மூக்கைப் பற்றி அவளே கட்டிய பாட்டு. ஷெத்லியா சிரிக்கவில்லை. அவள் இன்னும் தள்ளி, மணல்மேட்டுக்குப் பக்கத்தில், வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இதைவிடக் கொழுத்த திட்டு. கரைப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் அதை நோக்கி நகர்ந்து வருவதும் தெரிந்தது.

அப்போதுதான் பிரட்டியது. முதலில் வலது கால். பிறகு, அதற்கு முட்டுக் கொடுத்த பாவத்துக்காக இடது கால். யாரோ கெண்டைக்குள் கையை விட்டுச் சதையை முறுக்கிப் பிழிவதுபோல. மொஞ்சியா தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

“கால்!”

ஷெத்லியா நிமிர்ந்தாள்.

“ஷெத்லியா! கால்!”

ஷெத்லியா திரும்பிப் பார்த்தாள். தூரம் அதிகமில்லை. அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது வரைக்கும் மொஞ்சியாவுக்குத் தெரிந்தது. இருவர் கண்ணும் சந்தித்தன. ஷெத்லியா ஒரு முறை மணல்மேட்டைப் பார்த்தாள். பிறகு கம்பருகே வந்தாள். வந்தவள் இந்தப் பக்கம் திரும்புவாள் என்று மொஞ்சியா வலியோடு கையை நீட்டினாள்.

ஷெத்லியா கம்பைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு மணல்மேட்டுக்கு நடந்தாள். வேகமாக. திரும்பிப் பார்க்காமல்.

மொஞ்சியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நிசமாகவே. ‘இவ எங்க போறா?’ என்று யோசித்தாள். தலைத்துணியிலிருந்து ஊக்கை எடுத்துக் கெண்டையில் குத்தினாள். குத்தின இடத்தில் ரத்தம் வந்தது, சதை இளகவில்லை. இரண்டு காலையும் ஒருத்தியே மடக்க முடியாது. குனிந்து பாதத்தைப் பிடிக்கப் போனால் முகம் தண்ணீருக்குள் போனது. ஏற்றம் சத்தமில்லாமல்தான் வரும். இடுப்பளவில் இருந்த நீர் கொஞ்ச நேரத்தில் மார்புக்கு வந்தபோது, பின்னால் ஓடை நிறையும் ஓசை கேட்டது. அவள் மூன்றாவது தடவை கத்தவில்லை. யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

யாரோ சளசளவென்று நடந்து வந்தார்கள். தராக்கி.

தராக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லி. மட்டித் திருடி. ஊருக்கே தெரியும், அவளும் மறைத்ததில்லை. கால்துணையாக அவளை யாரும் சேர்த்துக்கொள்ளாததால், பெண்களுக்கெல்லாம் மூத்தவளான ஹனீயா, பாவம் பார்த்து, தன்னோடும் தன் மகளோடும் மூன்றாவது ஆளாக இழுத்துக்கொண்டு திரிவாள். கண் அசந்தால் அடுத்தவள் கூடையில் தராக்கியின் கை இருக்கும்.

“என்ன மொஞ்சியா, குளிக்கிறியா?”

“கால்டி... ரெண்டும்...”

தராக்கி அவளைப் பார்த்தாள். கூடையையும் பார்த்தாள். “கூடை தனியாக் கெடக்குதேன்னுதான் வந்தேன்,” என்று ஒளிக்காமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே மொஞ்சியாவின் முன்னால் முட்டிபோட்டு, வலது குதிகாலுக்குத் தன் தொடையை முட்டுக் கொடுத்து, பாதத்தை மடக்கி அழுத்தினாள். “நீட்டு. முட்டிய நீட்டுடி. ஒட்டகம் மாதிரி மடக்காத.”

“அய்யோ... தாயே...”

“கத்து. கத்தினா எளகும்.”

வலது கால் இளகியது. இடது கால் பாதிதான் இளகியது. அதற்குமேல் நேரமில்லை. தராக்கி அவள் கக்கத்தில் கை கொடுத்து, ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் இழுத்துக் கரை சேர்த்தாள். கூடையையும் விடவில்லை. கரையில் போட்டுவிட்டு, மொஞ்சியாவின் கண் முன்னாலேயே கூடையிலிருந்து இரண்டு கை மட்டியை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

“கூலி,” என்றாள்.

டிரக்கில் ஏற்றும்போது எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். ஷெத்லியா நிறைகூடையோடு கடைசியாக வந்தாள். ஹனீயா அவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “நீ எங்கடி இருந்தே?”

“மதினி விளையாடுதுன்னு நெனச்சேன்க்கா,” என்றாள் ஷெத்லியா.

 மொஞ்சியா எதில் வேண்டுமானாலும் விளையாடுவாள். இமாமின் தும்மலைப் போல் தும்மிக் காட்டுவாள். மாட்டு வியாபாரியின் நடையை நடந்து காட்டுவாள். ஆனால் ‘கால்’ என்ற சொல்லில் ஸித்ராவில் எவளும் விளையாடியதில்லை. அவளும் விளையாடியதில்லை.

“அவளுக்கு மொதல்ல உடம்பு தேறட்டும். அடுத்த வத்தத்துல அவ வாயாலேயே கேப்போம்,” என்றாள் ஹனீயா.

காற்று அடங்காததால் பெண்கள் வீட்டில் கிடந்தார்கள். மொஞ்சியா கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பல்காசிம் ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்துக் கெண்டையைத் தேய்த்துவிட்டான். சோலையில் மாதுளைக்கும் மருதாணிக்கும் பாத்தி கட்டிக் கட்டிக் காய்த்த கை. அந்த மனிதன் வாயால் ஒரு நல்ல வார்த்தை சொல்லி மொஞ்சியா கேட்டதில்லை. கால் பிரட்டுகிற நாள்களில் அந்தக் கைதான் அவளோடு பேசும். அதனாலேயே சில நாள் பிரட்டினதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே முனகியிருக்கிறாள்.

“ஷெத்லியா அழுதுட்டே இருக்கா,” என்றான்.

“அழட்டும். உப்பெல்லாம் வெளிய போனா அவளுக்கும் பிரட்டும்.”

“நீ விளையாடறேன்னு நெனச்சிட்டாளாம்.”

“உங்க மூக்க வச்சி விளையாடுவேன். கால வச்சி விளையாடுவேனா மனுஷா?”

“எதிர்க்காத்து வேற. சரியாக் காதுல விழுந்திருக்காது.”

“விளையாட்டுன்னு நெனச்சாளா, காதுலயே விழலையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

பல்காசிம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டான். நரம்போடு கட்டைவிரலை மெதுவாக இழுத்தான். இதமாக இருந்தது. மொஞ்சியா கண்ணை மூடினாள்.

“அவ சின்னவ, மொஞ்சியா. பிள்ளைங்க வேற. அந்தத் திட்டு வேற யாரு கண்ணுலயும் பட்டுறக் கூடாதேன்னு ஒரு பதட்டம். கம்பப் பிடுங்கினதுகூட அந்தப் பதட்டத்துலதான், உன்ன விட்டுட்டுப் போவணும்னு...”

மொஞ்சியா கண்ணைத் திறந்தாள்.

“கம்பா?”

கை நின்றது.

“நான் யாருகிட்டயும் கம்பப் பத்திச் சொல்லலையே,” என்றாள் மொஞ்சியா. சத்தமில்லாமல்தான் சொன்னாள். “அவ வரலைன்னுதான் சொன்னேன். தராக்கிகிட்டகூடச் சொல்லல. அத எப்படி வாயால சொல்றதுன்னு தெரியாமத்தான் வச்சிருந்தேன்.”

பல்காசிம் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கே வந்து சொல்லிட்டா. எங்கால்ல விழுந்து அழுதா.”

“உங்க கால்ல.”

“ம்.”

“இழுத்தது எங்காலு. அவ விழுந்தது உங்க கால்லயா? காலு மாறிப் போச்சே மனுஷா.”

வேறு நாளாக இருந்தால் அவன் சிரித்திருப்பான். அவளும் அவனைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாளோ என்னவோ. இத்தனை நாளாக இந்தக் கை தன் காலைத் தேய்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே, ‘காதுல விழுந்திருக்காது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பதை அவள் உடம்பு தாமதமாகத்தான் விளங்கிக்கொண்டது. காலை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஹனீயாக்கா உன்ன எல்லார் முன்னாலயும் கேப்பா,” என்றான் பல்காசிம். “நீ நெசத்தச் சொன்னா அப்புறம் ஷெத்லியாவ ஒருத்தியும் சேத்துக்கமாட்டா. மட்டி இல்லாட்டி அவ என்ன செய்வா? மூணு பிள்ளைங்க. நீ... விளையாட்டுக்குத்தான் கூப்பிட்டேன்னு சொல்லிரு. உன்ன யாரு தப்பா நெனைக்கப் போறா? நீ விளையாடுறவன்னு ஊருக்கே தெரியும்.”

“நான் தண்ணியிலயே போயிருந்தா?”

“நீதான் வந்துட்டியே.”

 வெளியிலிருந்து ஷெத்லியாவின் கடைசிப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “மாமி, கால் வலிக்குதா? பசிக்குது,” என்றது. மொஞ்சியா எழுந்து நொண்டிக்கொண்டே போய் ரொட்டியில் ஹரீஸா மிளகாய் விழுதையும் எண்ணெயையும் தடவிக் கொடுத்தாள். மூன்றுக்கும் சேர்த்து.

காற்று கொஞ்சம் தணிந்தது. கடல் மறுபடியும் வற்றியது. பெண்கள் கரையில் கூடினார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் இருக்கிற இரைச்சல் இல்லை. ஒருத்திகூட அரிவாளைத் தீட்டவில்லை. ஷெத்லியா கம்பைப் பிடித்துக்கொண்டு மொஞ்சியாவிடமிருந்து இரண்டாள் தள்ளி நின்றாள். உதடு வெடித்திருந்தது. தராக்கி வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால், யார் கூடையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு மொஞ்சியா,” என்றாள் ஹனீயா. “அன்னிக்கு நீ கால்னு கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன்க்கா.”

“அவ வந்தாளா?”

மொஞ்சியா வாயைத் திறக்கிற வரைக்கும் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வீட்டிலிருந்து வரும்போது நெஞ்சுக்குள் கம்பு, மணல்மேடு, சிவந்த மூக்கு நுனி என்று எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. ஷெத்லியாவைப் பார்த்தாள். ரொட்டியில் ஹரீஸா ஒழுக ஒழுகத் தின்ற மூன்று வாய்களும் அந்த முகத்தில் இருந்தன. அதே மூக்கு.

“அவ எப்படி வருவா? நான் விளையாட்டுக்குல்ல கூப்பிட்டேன்,” என்றாள். “பாட்டுக்குச் சிரிக்கமாட்டேன்னு நின்னா. சரி, ஓடவாச்சும் வைப்போம்னு கத்தினேன். கத்தி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொல்லாத காலு, ‘என்னைய வச்சா விளையாடறே’ன்னு நெசமாவே இழுத்துக்கிச்சு.” சொல்லிவிட்டு, அன்று தண்ணீரில் தான் உட்கார்ந்த மாதிரியை, இரண்டு கையையும் விரித்துக் கண்ணை உருட்டி நடித்தும் காட்டினாள். 

பெண்கள் சிரித்தார்கள். அடக்கி வைத்திருந்த மூச்சு விடுபட்டதுபோல, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது ஷெத்லியா. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் நடிக்கவில்லை என்று மொஞ்சியாவுக்குத் தெரிந்தது. அன்று ஹனீயாவிடம் தான் சொன்ன பொய்யை ஷெத்லியாவே நம்பிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம்.

ஹனீயா மட்டும் சிரிக்கவில்லை.

“கால்னு கூப்பிடறதுல விளையாட்டா?”

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

“நாளைக்கு ஒருத்தி நெசமாக் கூப்பிடுவா. இன்னொருத்தி, ‘மொஞ்சியா மாதிரி விளையாடறா’ன்னு குனிஞ்சி மட்டி தோண்டிட்டு இருப்பா. இந்த ஒரு சொல்ல நம்பித்தான்டி நாம தண்ணியில நிக்கிறோம். வேற என்ன இருக்கு நமக்கு?”

மொஞ்சியா இதை நினைக்கவில்லை. பல்காசிம் நினைத்தானா என்று தெரியவில்லை. நினைத்திருப்பான் என்று இப்போது தோன்றியது. பெண்கள் தங்கள் தங்கள் துணையின் பக்கம் அரையடி நகர்ந்துகொண்டார்கள். அவளைச் சுற்றி ஈர மணல் கொஞ்சம் காலியானது.

ஹனீயா திரும்பினாள். “ஷெத்லியா, நீ சொல்லு. இவ உன் மதினி. இப்படிக் கூப்பிடறவகூட இனியும் போவியா? உன் இஷ்டம்.”

மொஞ்சியா ஷெத்லியாவின் கையைத்தான் பார்த்தாள். கை கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கம்பு இந்தப் பக்கம் ஓர் அடி நீண்டால் போதும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

“எனக்குப் பிள்ளைங்க இருக்குக்கா,” என்றாள் ஷெத்லியா.

கடற்புல் அழுகிய வாடை அடித்தது. டிரக்குக்காரன் எங்கோ விசிலடித்தான். மொஞ்சியா சிரித்த வாயை மூட மறந்து அப்படியே நின்றாள். வேறு என்ன செய்வதென்று முகத்துக்குத் தெரியவில்லை.

“அப்ப நீ எங்ககூட வா,” என்றாள் ஹனீயா ஷெத்லியாவிடம். “மொஞ்சியா, நீ வீட்டுக்குப் போ. யாராச்சும் சேத்துக்கிட்டா அப்புறம் பாப்போம்.”

“நான் போறேன் இவகூட.”

பின்னாலிருந்து தராக்கி. கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அவ விளையாடுவாடி,” என்றாள் ஒருத்தி.

“விளையாடட்டும். அவ விளையாட்டு எம்புட்டுக் கனம்னு கக்கத்துல கை குடுத்து இழுத்தவளுக்குத் தெரியும்.” மொஞ்சியாவை ஒரு கண்ணால் பார்த்தாள். மொஞ்சியா ‘வேண்டாம்’ என்று இமையை அசைத்தாள். தராக்கி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அப்புறம், அவ கூடை எப்பவும் ரொம்பித்தான் இருக்கும்.”

மறுபடியும் சிரிப்பு. ஹனீயாகூட.

ஓடைக்கு இந்தப் பக்கமே தோண்டினார்கள். தராக்கியிடம் கம்பு இல்லை. யாரிடமோ கேட்காமல் எடுத்து வந்த ஒரு விளக்குமாற்றுக் கட்டையை நட்டாள். வெகுநேரம் கழித்து, குனிந்தபடியே கேட்டாள்.

“ஏன்டி பொய் சொன்னே?”

“எந்தப் பொய்?”

“உன் கெண்டை எங்கையில கல்லா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாக் கல்லாச்சு. அதுக்கு அப்புறமா நீ அழுத அழுகை விளையாட்டா?”

“கடல் தண்ணி மூஞ்சியில பட்டிருக்கும்.”

“கடல் தண்ணிக்குக் கேவ வராது.”

மொஞ்சியா ஒரு மட்டியைத் தோண்டி, கழுவி, கூடையில் போட்டாள். “பிள்ளைங்க இருக்குடி.”

“அவளுக்கு இருக்கு. அதத்தான் அவளும் சொன்னா.”

மொஞ்சியா அடுத்த ஓட்டையில் அரிவாளை விட்டாள். தூரத்தில் ஹனீயாவின் மகளோடு ஷெத்லியா ஏதோ பேசுவது காற்றில் வந்தது. சாதாரணப் பேச்சு. விலைவாசி, கல்யாணம். அந்தக் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று மொஞ்சியா கவனித்தாள். எதிர்க்காற்றுதான் இன்றும்.

தராக்கி மடியிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டு நீட்டினாள்.

“குடி.”

“பைத்தியமா உனக்கு? குடிச்சிட்டு?”

“நான் நாள் முழுக்கக் குடிப்பேன். எனக்கு என்னைக்காச்சும் பிரட்டிப் பாத்திருக்கியா?”

மொஞ்சியா யோசித்தாள். பார்த்ததில்லை. “அப்ப... எங்கடி போவே?”

தராக்கி அரிவாளால் அடிவானம் வரை சுற்றிக் காட்டினாள். “இம்புட்டுப் பெரிய கடல் கெடக்கு. எங்கன்னு கேக்கறா.”

“இந்தத் துணியோடயா?”

“துணியோடதான். கொஞ்ச நேரம் காலுக்குச் சூடாவும் இருக்கும்.”

மொஞ்சியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊர்ப் பெண்கள் காலங்காலமாக நாக்கு வறண்டு, மருதாணி அப்பி, நூல் கட்டி, ஊக்கால் குத்திக்கொண்டு திரிந்ததெல்லாம் இதற்கா? சிரித்துக்கொண்டே புட்டியை வாங்கிக் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது சிரிப்பு எங்கோ வழி தவறி அழுகையாகிவிட்டது. நின்ற இடத்திலேயே, அரிவாளைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். தராக்கி ஆறுதல் சொல்லவில்லை. மொஞ்சியாவின் கூடையிலிருந்து பெரிய மட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்துட்டுத்தான்டி இருக்கேன்,” என்றாள் மொஞ்சியா, அழுகையினூடே.

“பாரு. நானும் உன்னப் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பல்காசிம் காத்திருந்தான். சேதி அவனுக்கு முன்னமே வந்திருந்தது. முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு.

“நல்லாச் சொன்னியாமே. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்.”

“ஆமா.”

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு.”

மொஞ்சியா ஈரத் துணியை மாற்றிக்கொண்டு வந்தாள். சுவருக்கு எதிரே நின்று, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றினாள். வலது காலைப் பின்னுக்கு நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தாள். கெண்டையில் ஒரு சுருக்கென்ற இழுப்பு. பிறகு இளகியது. பல்காசிம் உள்ளே போய் எண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தோடு வந்து அவளருகே குந்தினான்.

“ஏன் நின்னுக்கிட்டு? உக்காரு. நான் தேச்சு விடறேன்.”

“வேணாம்.”

“பிரட்டும்டி அப்புறம்.”

“அதுக்குத்தான் சுவர் இருக்கே.”

அவன் சுவரைப் பார்த்தான், அவள் முதுகைப் பார்த்தான். நீட்டிய கை கிண்ணத்தின் மேலேயே நின்றது. பக்கத்து அறையில் பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஷெத்லியா அதட்டினாள்.

“எண்ணெய் ஆறிப் போகுது, மொஞ்சியா.”

“ஆறட்டும்,” என்றாள் அவள், திரும்பாமல். “வெங்காயம் வதக்க ஆகும்.”

சொல்லிவிட்டுக் காலை மாற்றிக்கொண்டாள்.